தேவநாதன் அடித்த சத்தம்

விருத்தாசலத்தில் கல்யாணக் கச்சேரி என்றால் டிரம்ஸுக்குத் தேவநாதனைத்தான் கூப்பிடுவார்கள். காலமெல்லாம் சினிமாப் பாட்டுக்கு அடித்தவர். 2007-இல், அறுபதை நெருங்கும் வயதில், அவர் கைக்கு ஒரு சி.டி. வந்தது. துபாயிலிருந்து லீவில் வந்திருந்த பக்கத்து வீட்டு ஜியாவுதீன் கொடுத்தது.

"எங்க கம்பெனி ஜெர்மன்காரரு குடுத்தாருண்ணே. அவங்க ஊரு ராக் பேண்டாம். எனக்கு ஒண்ணும் புரியல, நீங்க கேட்டுப் பாருங்க."

அட்டையில் நரைத்த தலையோடு நான்கு கிழவர்கள். வாலிபத்திலிருந்து சேர்ந்து வாசிப்பவர்களின் புது ஆல்பம். மெட்டு என்று எதுவும் பிடிபடவில்லை. தகரத்தை இழுக்கிறார்கள், இரும்பைத் தட்டுகிறார்கள். அடியில் டிரம்ஸ் ஒரே அடியை விடாமல் அடித்துக்கொண்டே போகிறது. இந்த வயதில் இவர்களை யார் இப்படி வாசிக்கச் சொன்னது? யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று தோன்றியதும் தேவநாதனுக்குச் சிரிப்பு வந்தது.

"வூட்டுக்குள்ள லாரி வந்து இடிச்சா மாதிரி இருக்குது" என்றாள் மனைவி பூங்கோதை. அவள் பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தாள்.

அந்தக் கம்பெனி ஒதுக்கிப் போட்ட பீங்கான் குழாய்களைத் தேவநாதன் வாங்கி வந்து கயிற்றில் தொங்கவிட்டார். நல்லூர்க் கல்யாணம் ஒன்றில், டூயட் பாட்டுக்கு நடுவே அடித்தும் பார்த்தார். பாடகி பாட்டை நிறுத்திவிட்டாள். குழு நடத்திய சாமிதுரை மேடையிலேயே குச்சியைப் பிடுங்கினார்.

"வயசாயிட்டா வூட்ல இருங்கண்ணே. ஏன் என் பொழப்பக் கெடுக்கறீங்க?"

"இத்தினி வருஷம் நீ சொன்னத அடிச்சேன். இனிமே நான் நெனைக்கறதத்தான் அடிப்பேன். வேற ஆளப் பாத்துக்க."

அதோடு அவருக்குக் கல்யாணக் கச்சேரிகள் நின்றன.

அடுத்த மாதம், தூசிக்கு முகமூடி கேட்ட பெண்களைக் கம்பெனி வேலையை விட்டு நிறுத்தியது. பூங்கோதையும் அதில் ஒருத்தி. எல்லோரும் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். மைக்குக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஏற்கெனவே இருமல்காரர்கள், கோஷம் போட்டே தொண்டை போனது. முதலாளியின் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய் வந்தது.

"நாளைக்கு அந்தக் குழாயெல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள் பூங்கோதை, பாதிக் குரலில்.

"லாரி இடிக்கற சத்தம்னு சொன்ன?"

"அந்தச் சத்தந்தான் வேணும்."

மறுநாள் கேட்டுக்கு எதிரே வேப்பமரக் கிளையில் குழாய்களைக் கட்டி அடித்தார். ஒரே அடி, ஏற்ற இறக்கமில்லை, ஓய்வில்லை. பெண்கள் டிபன் டப்பா, தகரம் என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு சேர்ந்தார்கள். ஆபீசில் போன் பேச முடியவில்லை. போலீஸ்காரர் வந்தார்.

"பெரியவரே, மைக்குக்கு பர்மிஷன் இல்லன்னு தெரியாதா?"

"மைக்கு எங்க சார் இருக்குது? காட்டுங்க." கை நிற்கவில்லை.

வாரக் கடைசியில் முதலாளி இறங்கி வந்தார். முகமூடி தருவதாகவும், பூங்கோதையைத் தவிர மற்றவர்களைச் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அவள் இல்லாமல் உள்ளே போகமாட்டோம் என்று பெண்கள் திரும்பவும் உட்கார்ந்தார்கள். தேவநாதன் திரும்பவும் அடித்தார். கடைசியில் எல்லோருக்குமாகக் கேட் திறந்தது.

அதன்பிறகு திட்டக்குடி வரை எங்கே போராட்டம் நடந்தாலும் தேவநாதனைக் கூப்பிட்டார்கள். தலைவர் பேசும்போது கொஞ்சம் மெதுவாக அடிக்கச் சொன்னால் மட்டும் அவர் கேட்கமாட்டார்.