ஈரக்கை என்று சொன்னவர்

ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீடுகளில் தகரக் கூரையோடு கட்டிய கம்பியில்தான் துணி காயப்போடுவோம். ஒரே கம்பி பல வீடுகளைத் தாண்டி ஓடும். ஒரு மழையில் எங்கள் வீட்டின் தேய்ந்த ஒயர் தகரத்தைத் தொட்டுவிட்டது. துணி போடப் போன அக்காவைக் கம்பி பிடித்துக்கொண்டது. உயிர் தப்பினாள். வலது கை விரல்கள் இன்றும் மடங்குவதில்லை.

ஒயரிங் செய்த கான்ட்ராக்டர் லைனில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஈரக்கையோட தொட்டா நான் இன்னா பண்றது? பிரேக்கர் நல்லாத்தான் கீது."

ஜனம் நம்பியது. பார்க்க வந்தவர்கள் அக்காவுக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒன்பதாவதோடு நின்றவன் நான். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று கம்பெனி கம்பெனியாக அலைந்தேன், ஷெட்டிலேயே படுத்தேன். பேனல் துடைத்துத் துடைத்துப் பிரேக்கர்கள் பழகின. பீரோ அளவு ஏர் பிரேக்கர் தொழிற்சாலை முழுவதற்கும். செங்கல் அளவு எம்.சி.சி.பி. பெரிய மெஷினுக்கு. வீட்டிலிருக்கும் சின்ன எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஒரு உடம்பில் ஓடும் கரண்ட் அதற்குக் கணக்கிலேயே வராது. ஆளுக்கென்று இருப்பது லீக்கேஜ் பிரேக்கர்; கரண்ட் கொஞ்சம் கசிந்தாலே விழுந்து நிறுத்திவிடும்.

ஊருக்குத் திரும்பியதும் எங்கள் வீட்டுப் போர்டைத் திறந்தேன். லீக்கேஜ் பிரேக்கர் இருந்த இடம் காலி. மழைக்கு அடிக்கடி விழுகிறதென்று அதைக் கழற்றி, ஒயர்களை முறுக்கி, டேப் சுற்றிவிட்டிருந்தார் கான்ட்ராக்டர்.

காத்திருந்தேன். ஆண்டர்சன்பேட்டையில் அவர் வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்தன்று காலையில் மோட்டாரைப் போடும்போதெல்லாம் லீக்கேஜ் பிரேக்கர் விழுந்தது. தொட்டி காலி. பந்தி போட வேண்டும். அவருடைய ஒயர்மேன்கள் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூர் வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்கு ஆள் வந்தது.

"தம்பி, அத்த கழட்டிட்டு டைரக்டா குடுத்துடு. அப்பறம் பாத்துக்கலாம்."

"குடுக்கறேன்ணா. ஆனா கொழாய ஈரக்கையோட தொட வேணாம்னு அண்ணிகிட்ட சொல்லிடுங்க."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "தொட்டா இன்னா ஆவும்?" என்றார். அக்காவின் கையைச் சொன்னேன். அவர் புருஷனைப் பார்த்து, "அதுல கை வெச்சீங்கன்னா பாருங்க," என்றார்.

"சரி, ரிப்பேரே பண்ணு," என்றார் கான்ட்ராக்டர்.

"பண்றேன். மொதல்ல அக்காகிட்ட உண்மைய சொல்லுங்க." அக்காவைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு நீட்டினேன்.

"உள்ள போயி பேசறேன்."

"அன்னிக்கு லைன்ல நின்னுதான சொன்னீங்க. இங்கயே பேசுங்க."

பந்தலில் எங்கள் லைன்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மேளச் சத்தத்தில் போனுக்குள் முனகினார்: "அம்மா, பிரேக்கர நான்தான் எடுத்தேன். உம்மேல தப்பில்ல."

"ஒண்ணும் கேக்கலடா," என்றாள் அக்கா. "மேளத்த நிறுத்திட்டு சொல்லச் சொல்லு."

மேளம் நின்றது. அவர் மறுபடி சொன்னார். அந்தக் குரலை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு நிறைகிறது.

பிறகு கரண்ட் கசிந்த மோட்டார் ஜாயின்ட்டைப் பிரித்தேன். அவசரப்படவில்லை.