மெர்லிமாவ் டவரில் ஏறிய மேடம்

மேடத்தை நினைத்தால் அவருடைய கட்டைவிரல்தான் முதலில் கண்முன் வருகிறது. மலாக்கா மாநிலத்து மெர்லிமாவுக்குப் பக்கத்துத் தோட்டத்து மேட்டில் நிற்கும் நாற்பது மீட்டர் டவரில், இடுப்புப் பட்டையில் சாய்ந்தபடி, கறுப்புக் கேபிளை அந்த விரலால் தடவிக்கொண்டே இறங்கினார். இரண்டு படிக்கு ஒருமுறை விரல் நின்றது. "இங்க நசுங்கியிருக்குண்ணே" என்றார். கீழ்ப்படியில் நின்ற நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தக் கேபிளைக் கட்டியவன் நான்.

சுங்கை ரம்பாய்ப் பக்கம் வெள்ளம் வந்தால் படகோடு போகும் தொண்டர்களின் வாக்கி டாக்கி அந்த டவர் வழியாகத்தான் பேசும். உச்சி ஆன்டெனாவுக்கு நான் கேபிள் போட்ட இரண்டே மாதத்தில் பேச்சு அறுந்து அறுந்து வந்தது. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. இது என் கைப்பிழை என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று முதலாளி சொல்லிவிட்டார். பழுதைக் கண்டுபிடிக்க அவர் மலாக்கா டவுனிலிருந்து வரவழைத்த எஞ்சினியர்தான் மேடம். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர்.

மோட்டார் சைக்கிளில் காய்கறிக் கூடை கட்டிக்கொண்டு பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக்குப் போகிற வீட்டில் பிறந்தவன் நான். கட்டினால் கூடை மூச்சுவிடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதே கையோடு கேபிளுக்கும் பிளாஸ்டிக் பட்டை போட்டு, இடது கையில் குறடு பிடித்து இழுத்து இறுக்கியிருந்தேன். உள்ளே நடுக்கம்பிக்கும் செம்பு உறைக்கும் இடையில் வெள்ளை நுரை இருக்கிறது, அந்த இடைவெளி நசுங்கினால் சிக்னல் வந்த வழியே திரும்பிவிடும் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? போதாததற்கு, உச்சியில் தாங்க எதுவும் இல்லாமல் முழுப் பாரமும் நுனி இணைப்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. யார் கட்டியது என்று மேடம் கேட்டார். முன்பிருந்த ஆள் என்று கூசாமல் சொன்னேன்.

மதியம் புதுக் கேபிளை ஏற்றினோம். அதன் மேல்முனைக்குச் சற்றுக் கீழே, பின்னிய கம்பி வலை ஒன்றைக் காலுறைபோல மாட்டி, அதில் கயிற்றைக் கட்டினார். இழுக்க இழுக்க அந்த வலை ஒரே இடத்தைக் கடிக்காமல் முழங்கை நீளத்துக்குப் பரவிப் பிடித்தது. அவர் உச்சியில் காத்திருக்க, நான் கீழிருந்து கப்பி வழியாக இழுத்தேன். கேபிள் பாதி தூரம் ஏறியபோது அண்ணாந்து பார்த்தேன். என் பிடி தளர்ந்தால் அத்தனை பாரமும் சரிந்து அவரையும் வாரிவிடும். பொய் சொன்னவன் கையை நம்பி அவர் அங்கே நிற்கிறார். கயிற்றை டவர் காலில் சுற்றிப் பிடித்துக்கொண்டு வாக்கி டாக்கியை எடுத்தேன்.

"மேடம், பழசக் கட்டுனது நாந்தான்."

மேலிருந்து அவர் குரல் உடனே வந்தது.

"தெரியும்ணே. எல்லாப் பட்டையும் இடது கைக்காரர் கட்டுனது. கயித்த விட்டுறாதீங்க லா."

வலையை டவர் இரும்பில் கொக்கி போட்டு மாட்டினார். பாரம் முழுவதும் அதில் இறங்கியது. நுனி இணைப்பு தளர்வாக வளைந்து சும்மா இருந்தது. பிறகு மீட்டருக்கு ஒன்றாகப் பிடிப்பான் போட்டுக்கொண்டே இறங்கினார். எதிலும் கேபிள் வழுக்கவும் இல்லை, நசுங்கவும் இல்லை. நாலு மணிக்குச் சுங்கை ரம்பாயிலிருந்து ஒரு தொண்டரின் குரல் பக்கத்து அறையில் பேசுவதுபோல வந்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அப்படியொரு கையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அவருடைய அறிக்கையை முதலாளி என்னிடமே நீட்டினார். உச்சியில் தாங்கும் வலை வாங்கித் தரப்படவில்லை, பட்டைகளை அளவுக்கு மீறி இறுக்கியதைக் கட்டியவர் தாமே முன்வந்து சொன்னார், அவரையே தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. முதலாளி வேறெதுவும் கேட்கவில்லை, மறுநாள் கிளேபாங் டவர் வேலைக்குப் போகச் சொன்னார்.

இப்போது என் பொறுப்பில் நாலு பேர் டவர் ஏறுகிறார்கள். அவர்களைப் பற்றி அறிக்கை எழுதுவது நான். ஒவ்வொரு முறை கையெழுத்துப் போடும்போதும், முதலில் நான் பொய் சொன்னதை மேடம் எழுதாமல் விட்டது நினைவுக்கு வருகிறது.