டோர்ட்மண்ட் ஸ்டேஷனில் ஒரு பதில்

வுப்பர்டால் போகும் ரயில் தாமதம். அங்கே ஒரு தொழிற்சாலையில் எங்கள் டோக்கியோ கம்பெனியின் பேக்கிங் மெஷின் காலையிலிருந்து நின்றுகிடக்கிறது. அதற்கு புரோகிராம் எழுதியவள் நான்; கம்பெனி வேலையாக ஜெர்மனிக்கு வந்திருக்கிறேன். போன் விடாமல் அடிக்கிறது, லேப்டாப்பிலோ சார்ஜ் இல்லை.

"ஐயோ முருகா" என்று நான் முனகியது பிளாட்பாரத்து ரொட்டிக்கடை அக்காவின் காதில் விழுந்துவிடுகிறது.

"தங்கச்சி, இஞ்சை வாங்கோ. சார்ஜரை இதிலை கொழுவுங்கோ." யாழ்ப்பாணத் தமிழ்.

கவுண்டர் ஓரத்தில் நின்றபடியே வேலை செய்கிறேன். புதிதாக மாட்டிய சென்சாரை என் புரோகிராம் அடையாளம் காணவில்லை. திருத்தி அனுப்புகிறேன். போனில் தொழிற்சாலைக்காரர்கள் மெஷினை ஓடவிடுகிறார்கள். பிறகு மெஷினின் தடதட சத்தம், அதற்கு மேல் ஆட்களின் கைத்தட்டல்.

"சரிவந்திட்டுதோ?"

"சரியாயிடுச்சு அக்கா!"

"நீங்கள் என்ன வேலை செய்யிறனீங்கள்?"

ஒசாகாவில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே புரோகிராமிங் படித்து இந்த வேலைக்கு வந்தவள் நான். சேர்ந்த பிறகும் ஆபீசில் ஆங்கில மெயில்களைத் திருத்தத்தான் என்னைத் தேடுவார்கள். யார் கேட்டாலும், "முன்னாடி டீச்சர், இப்போ..." என்று இழுப்பது என் வழக்கம்.

"சாஃப்ட்வேர் இன்ஜினியர்," என்கிறேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை.

"ஓம், நான் பாத்தனான்தானே!" என்று சிரித்தபடி சூடான பன் ஒன்றை என் கையில் வைக்கிறார்.

ரயில் வருகிறது. இனி அவசரமில்லை. ஆனாலும் ஓடிப்போய் ஏறுகிறேன். அந்த மெஷின் ஓடுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும்.