குணமும் நடத்தையும்: நன்று

தினமும் பதினொன்றே முக்கால் ஆனால் என் முகத்துக்கு நேரே ஒரு மர ஷட்டர் இறங்கும். இங்கிலாந்தின் வடக்கே, வானமும் ரோடும் ஒரே சாம்பலில் கிடக்கும் ஓர் ஊரில், ஆரம்பப் பள்ளிச் சமையலறையில் எனக்கு வேலை. உருளைக்கிழங்கு சீவலாம். பட்டாணி வேகவைக்கலாம். தட்டு அடுக்கலாம். பிள்ளைகள் சாப்பாட்டுக் கூடத்துக்குள் வரும் இரைச்சல் கேட்டதும், பரிமாறும் பெண்கள் அந்தப் பக்கம் போய்விடுவார்கள், ஷட்டர் இறங்கிவிடும். அடியில் நாலு விரல் இடைவெளி. அதன் வழியே தட்டேந்திய சின்னச் சின்ன விரல்கள் நகர்ந்து போகும். மை பட்டவை, நகம் கடித்தவை, பிளாஸ்திரி ஒட்டியவை. ஐந்து வாரம் நான் முகமில்லாத விரல்களுக்குச் சமைத்தேன். ஏனென்றால் என்னைப் பற்றிய காகிதம் இன்னும் வந்து சேரவில்லை.

அந்தக் காகிதத்தைப் பற்றி ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். இங்கே குழந்தைகள் நடமாடும் இடத்தில் வேலை செய்ய வருகிறவன், கூட்டிப் பெருக்குகிறவனாக இருந்தாலும், போலீஸ் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்த பிறகே உள்ளே விடப்படுகிறான். மற்ற வேலைகளுக்குப் பழைய தண்டனை சில வருஷத்தில் செத்துவிடுமாம், மறைத்துக்கொள்ளலாமாம். குழந்தைகள் பக்கத்தில் மட்டும் எந்தக் குற்றமும் பழசாவதில்லை. குழந்தைகளிடம் தவறாக நடந்தவர்கள் என்று அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் பெயர் ஏறியவன் பள்ளிக்கூடத்தில் ஒரு கிண்ணம் சூப் கூடத் தூக்க முடியாது.

முதல் நாள் அந்த ஃபாரத்தைப் படித்தபோது எனக்குக் காது சுட்டது. "குழந்தைகள் தொடர்பான குற்றத்துக்காக எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா?" நாற்பது தாண்டிய ஆளிடம், மீசை நரைத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? வீட்டில் வந்து குதித்தேன். என் மனைவி இந்த ஊரில் எனக்கு முன்பே நர்ஸாக இருந்தவள். அவளைக் கட்டிக்கொண்டதால்தான் நான் இங்கே வந்து சேர்ந்தேன். அவள் காலுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "குழந்தைங்க வார்டுக்கு மாத்துறப்ப என்னையும்தான் கேட்டாங்க. இல்லைனு எழுதிட்டுப் போறத வுட்டுட்டு, இன்னா ரோஷம் உங்களுக்கு?"

ரோஷத்தோடு மறுநாள் என் பள்ளி மாற்றுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனேன். திருவண்ணாமலையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வந்த காகிதம். பள்ளி அலுவலகத்தில் இருந்த மிஸஸ் பெல் என்ற அம்மாளிடம் அதில் நடத்தைக்கான கட்டத்தைச் சுட்டிக் காட்டி மொழிபெயர்த்தேன். குணமும் நடத்தையும்: நன்று.

"யார் எழுதியது?" என்றாள்.

"என் தலைமை ஆசிரியர்."

"நன்று என்று அவருக்கு எப்படித் தெரியும்?"

நான் சிரித்துவிட்டேன். எப்படித் தெரியும் என்றால் என்ன அர்த்தம்? அது எல்லாருக்கும் எழுதுவது. அவள் சிரிக்கவில்லை. நான் எதையோ மழுப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் மெதுவாக, செவிடனிடம் பேசுவதுபோல, அதே கேள்வியை மறுபடி கேட்டாள். நீங்கள் வாழ்ந்த ஊர்ப் போலீஸிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றாள். வெளியே வந்து மழையில் நின்றேன். அவருக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்வி எனக்குள் வேறொரு கதவைப் போய்த் தட்டிக்கொண்டிருந்தது.

ஏனென்றால், நன்று என்று எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது. எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் தனியார் நிர்வாகத்தில் நடந்த ஒரு பள்ளியில் நான் கிளார்க். ஜன்னலைத் திறந்தால் மலை, மூடினால் மைப்புட்டி. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பெயர். வருஷத்துக்கு நூற்றுக்கணக்கில் சான்றிதழ் எழுதுவேன். முதலில் அந்தக் கட்டத்தை எல்லாத் தாளிலும் நிரப்பிவிட்டு, பிறகு பெயர் எழுதுவேன். பெயர் வருவதற்கு முன்பே நடத்தை வந்து உட்கார்ந்திருக்கும். வேகத்துக்காகச் செய்தது. அதில் எனக்குக் கர்வம்கூட இருந்தது.

அங்கே ஒரு டிராயிங் மாஸ்டர் இருந்தார். இனிமையாகப் பேசுவார், கலர் சாக்பீஸால் கரும்பலகையில் மயில் வரைவார். ஒருநாள் மத்தியானம் டெய்லர் பஷீர் பாய் அலுவலகத்துக்கு வந்தார். பள்ளிச் சீருடையெல்லாம் அவர் கடையில்தான் தைப்பது. அவர் மகள் எட்டாவது படித்தாள். அளவு நாடா கழுத்திலேயே கிடந்தது, கழற்ற மறந்து வந்திருக்கிறார். "டிராயிங் ரூம்ல சார். எல்லாப் புள்ளைங்களும் போனப்புறம்..." நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், சுற்றினார். விரல் வெளுத்துப் போயிற்று.

தாளாளரிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "கேஸ் வாணாங்க. பொண்ணு பேரு வெளிய வந்துடும். இந்தாளு இனிமே எங்கயும் புள்ளைங்க பக்கம் போவக் கூடாது. அத மட்டும் ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க."

"நான் பாத்துக்கறேன் பாய். நீங்க கம்முனு போங்க," என்றார் தாளாளர்.

அவர் பார்த்துக்கொண்டது இப்படி: டிராயிங் மாஸ்டர் சொந்த விருப்பத்தின் பேரில் ராஜினாமா செய்தார். போகும்போது நடத்தைச் சான்று கேட்டார். நான் தலைமை ஆசிரியர் முகத்தைப் பார்த்தேன். "எழுதுப்பா," என்றார் அவர். "அவன் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டா நமக்கு இன்னா ஜாஸ்தியா வந்துடப் போவுது? ஊர வுட்டுப் போறான்ல?" எழுதினேன். இப்பள்ளியில் பணிபுரிந்த காலத்தில் இவருடைய குணமும் நடத்தையும் நன்று. அதே வாரம் பாய் தன் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். அவளுக்கும் மாற்றுச் சான்றிதழ் எழுதினேன். குணமும் நடத்தையும்: நன்று. ஒரே மை. ஒரே பேனா. என் கை எந்தத் தாளிலும் நடுங்கவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

போலீஸ் கடிதத்துக்காக லீவு எடுத்து ஊருக்கு வந்தேன். ஸ்டேஷனில் ஏட்டு தெரிந்த மனிதர், எங்கள் தெரு. விஷயத்தைச் சொன்னதும் பெஞ்சு அதிரச் சிரித்தார். "பசங்களுக்குச் சோறு போடப் போலீஸ் சர்ட்டிபிகேட்டா? அங்க இன்னாப்பா, பசங்கல்லாம் அவ்ளோ ரவுடியா?" பசங்களுக்காக இல்லை, பெரியவர்களுக்காக என்றேன். அவருக்கு அது புரியவில்லை. "நீ இன்னா கொலகாரனா? உங்கப்பாவ எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "இங்கிலீஷ்ல வேணும்ல? உன் கையெழுத்துதான் அச்சு மாதிரி இருக்குமே, நீயே எழுதிடு. ஐயா வந்ததும் சைன் வாங்கித் தர்றேன்."

என் நடத்தையை நானே எழுதினேன். இப்படியாக, இங்கிலாந்து என்னை எந்தக் காகிதத்துக்காக ஐந்து வாரம் ஷட்டருக்குப் பின்னால் நிறுத்தியதோ, அது கால்மணி நேரத்தில் என் கையாலேயே முடிந்தது. முத்திரை குத்தி ஊதிக் காயவைத்துக்கொண்டே ஏட்டு ஊர்க்கதை பேசினார். "உங்க ஸ்கூல்ல இருந்தாரே டிராயிங் மாஸ்டர், இப்ப கீழ்பென்னாத்தூர் பக்கம் இருக்காரு. என் மச்சான் பொண்ணு அங்கதான் படிக்குது. தங்கமான மனுஷன். பொண்ணுங்க ஹாஸ்டலுக்கும் அவருதான் பொறுப்பு."

ஹாஸ்டல். அந்த ஒரு சொல்லோடு மறுநாள் காலை கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் வேர்க்கடலை பிடுங்கிக் குவித்திருந்தார்கள், மண் வாசனை ஜன்னலில் அடித்தது, எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை கண்டிப்பானவர் என்பது மேஜையைப் பார்த்தாலே தெரிந்தது. நான் சொல்லச் சொல்லக் குறுக்கிடாமல் கேட்டார். எழுந்துபோய் பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துவந்து, ஒரு தாளை என் முன்னால் திருப்பி வைத்தார்.

"இது யார் எழுத்துங்க?"

"என் எழுத்துதான்."

"அப்ப பொய் எழுதினீங்களா, இப்ப பொய் சொல்றீங்களா?"

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் உங்கள நம்பறேன். எனக்கும் அவரப் பத்தி மனசு சரியில்ல. ஆனா நிர்வாகத்துக்கு முன்னாடி வைக்க என்கிட்ட இருக்கறது இந்த நன்று மட்டும்தான். அன்னிக்குத் தெரிஞ்சேதான் பொய் எழுதினேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா அந்தப் பொண்ணு வூட்லேந்து ஒரு வரி வாங்கிட்டு வாங்க. இன்னிக்கே ஹாஸ்டல் சாவிய வாங்கிடறேன்."

காகிதத்தையும் பேனாவையும் வைத்தார். என் சட்டைப் பையில் போலீஸ் கடிதம் மொடமொடத்தது. பொய்ச் சான்று எழுதியவன் என்று நானே எழுதிக் கொடுத்தால், அந்தக் கடிதம் என்ன ஆகும்? வேலை? நாளைக்கு வருகிறேன் என்றேன். அதைச் சொன்ன வாயை இன்னும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் அங்கே போகவில்லை. பாயின் கடைக்குப் போனேன். மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். "அன்னிக்கு நான் உங்ககிட்ட ஒரு வரி கேட்டேன் தம்பி. எழுதல. இன்னிக்கு நீங்க என் பொண்ணையே கேக்கறீங்க." கோபமே இல்லாத குரல். டீ ஆறுவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். இரண்டு நாளில் மெட்ராஸ், விமானம்.

மிஸஸ் பெல் கடிதத்தைப் படித்து, முத்திரையைத் தடவிப் பார்த்து, கை குலுக்கினாள். அன்று பதினொன்றே முக்காலுக்கு ஷட்டர் இறங்கவில்லை. விரல்களுக்கெல்லாம் முகம் வந்தது. முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி, "தேங்க் யூ, மிஸ்டர்" என்று அண்ணாந்து சிரித்தாள். என்னை முழுசாக நம்பினாள். யாரோ சரிபார்த்திருப்பார்கள் என்று அவள் பெற்றோர் நிம்மதியாக வேலைக்குப் போயிருந்தார்கள். கரண்டி கையில் கனத்தது.

அன்று மாலையே ஏரோகிராமில் கீழ்பென்னாத்தூர் அம்மாளுக்கு எழுதினேன். தெரிந்தே பொய் எழுதினேன், காரணம் இது, என் பெயர் இது, கையெழுத்து. அந்தப் பெண்ணின் பெயர் இல்லாமல். பேனா எடுத்த நாளிலிருந்து நான் எழுதிய முதல் நடத்தைச் சான்று அதுதான் என்று தோன்றியது.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. "தங்கள் கடிதத்தை நிர்வாகத்தின் முன் வைத்தேன். அவரை அனுப்பிவிட்டார்கள். நடத்தைச் சான்று கேட்டார். நான் மறுத்தேன். தாளாளரே எழுதிக் கொடுத்துவிட்டார். எந்த ஊருக்குப் போனார் என்று தெரியவில்லை. நீங்கள் சொன்னபடி மறுநாளே வந்திருந்தால், அதற்குப் பிறகும் ஹாஸ்டல் சாவி அவர் கையில் இருந்திருக்காது."

எந்த ஊர்? என் நாட்டில் அதற்குப் பட்டியல் இல்லை. கேட்பதற்கு ஒரு ஜன்னல் இல்லை. இப்போது நான் இருக்கிற ஊரிலோ எல்லாவற்றுக்கும் பட்டியல் உண்டு, அதிலும் என் சுத்தம் நானே எழுதிக்கொண்டது. மனைவி ஒரு பழைய அட்லஸ் கொண்டுவந்தாள். வட ஆற்காடு அதில் கட்டைவிரல் அகலம். ஞாயிற்றுக்கிழமைகளில் சமையல் மேஜையில் அதை விரித்து வைத்துக்கொண்டு, டிராயிங் மாஸ்டரைப் பற்றி எழுதிய ஏரோகிராமின் முகவரியில் தலைமை ஆசிரியர் என்று மட்டும் போட்டு, கீழே ஊர்ப் பெயர் எழுதுகிறேன். செங்கம். போளூர். ஆரணி. வந்தவாசி. செய்யாறு. ஊரில் இருந்த நாளில் இவற்றில் பாதியில் நான் கால் வைத்ததில்லை. இப்போது, மழை பெய்யும் அந்நிய நகரத்தில், பிறந்த மாவட்டத்தை ஒவ்வொரு ஊராகச் சுற்றி வருகிறேன். எழுதிய ஊர்மேல் பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளி வைத்த ஊர் எதிலிருந்தும் பதில் இல்லை. புள்ளி இல்லாத ஊர்கள் ஜாஸ்தியாக இருக்கின்றன.