வெள்ளைக்காரருக்காக ஒரு வேண்டுதல்

மாமா வருகிற நாள் என்றால் அஜ்மானில் எங்கள் ஃபிளாட்டில் யாருக்கும் கால் தரையில் பாவாது. அம்மாவின் தம்பி அவர். துபாயில் அல் குசைஸ் லேபர் கேம்பில் தங்கி, கட்டட சைட்டில் கம்பி கட்டுகிறவர். வார விடுமுறைக்கு வந்தால் என்னைக் கடற்கரைக்குப் பட்டம் விட அழைத்துப் போவார். அன்று நான் பட்டமும் கையுமாக ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள்பட்டை வரைக்கும் வலிக்கிறதாம்.

அப்பா காரில் எங்களை அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்தார். ஆஸ்பத்திரிக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. எனக்கு ஒரே குஷி! பக்கத்துக் கட்டிலில் ஒரு வெள்ளைக்காரர். மாமா வயதுதான், அதே நெஞ்சுவலி. இருவருக்கும் ஒரே மாதிரி ஒயர்களை ஒட்டினார்கள். இருவரையும் பார்த்தவரும் ஒரே டாக்டர்தான். அவரும் எங்கள் நிறம்தான்.

டாக்டர் வெள்ளைக்காரர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலி எப்படி வந்தது என்று பொறுமையாகக் கேட்டார். உடனே ஆஞ்சியோ செய்தாக வேண்டும் என்றார். நாலைந்து பேர் வந்து கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மாமாவிடம் டாக்டர் நின்றபடியே, "க்யா காம், பாய்?" என்று வேலையை மட்டும் விசாரித்தார். கம்பி தூக்குகிற உடம்பு, சதைப்பிடிப்பும் கேஸும்தான், மாத்திரை போதும் என்று சொல்லிவிட்டார்.

"அவருக்குச் சொன்ன டெஸ்ட்டை இவருக்கும் எடுத்துப் பார்த்துடலாமே, டாக்டர்?" என்றார் அப்பா.

மாமா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "சும்மா இருங்க அத்தான்! அன்ஃபிட்டுன்னு எழுதிட்டா விசா கேன்சல். நேரா ஊருக்குத்தான்."

டாக்டர் கையை விரித்துச் சிரித்தார். "கலாஸ், அவ்வளவுதான். ஃபிட்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "மாமா ஃபிட்டு, குட்டி!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினார். அப்படியே கடற்கரைக்குப் போனோம். பட்டம் எவ்வளவு உயரம் போனது தெரியுமா! நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிவிட்டது.

திரும்பும்போதுதான் அந்த வெள்ளைக்காரர் நினைவுக்கு வந்தார். பாவம், அவருக்கு ஏதோ பெரிய வியாதி, அதனால்தான் வீட்டுக்கு விடவில்லை என்று நினைத்தேன். காரில் ஒட்டியிருந்த பிள்ளையாரிடம் அவரைக் காப்பாற்றச் சொல்லிக் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். முன்சீட்டில் மாமா மாத்திரையைப் போட்டுக்கொண்டு பாடிக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் மாமா சைட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார். வேண்டுதல் யாருக்குத் தேவைப்பட்டது என்று காரில் கண்ணை மூடிய அன்று எனக்குத் தெரியவில்லை.