நான் சிரித்ததால் நின்றுபோன நாடகம்

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஏன் அப்படிச் சிரிப்பு வந்தது? இரண்டு வருடங்களாக யோசித்துப் பார்க்கிறேன், விடை கிடைக்கவில்லை. வசனம் அவ்வளவு நல்லதா? மாதக்கணக்காக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்ததா? அல்லது நான் பொறுப்பில்லாத ஒருத்தியா? கடைசிக் காரணத்தைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். என் கணவரிடம் கேட்டால், "உமக்குச் சிரிக்கிறதுக்கும் ஒரு காரணம் வேணுமோ?" என்கிறார்.

எங்கள் வீடு சுன்னாகத்துக்குக் கிட்ட ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. போரால் மின்சாரம் நின்று வருடக்கணக்காகிவிட்டது. பற்றரியும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வர அரசாங்கம் விடுவதில்லை. அதற்காக வானொலி கேட்காமல் இருக்க எங்கள் ஒழுங்கையால் முடியவில்லை. சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைப் பின்சில்லோடு முட்டவிட்டு, அதிலிருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொடுத்து, ஒருவர் கையால் பெடலைச் சுற்றினால் சத்தம் வரும். ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். கை தளர்ந்தால் குரல் கம்மி, கரகரத்து, செத்துப்போகும்.

அந்த வருடம் ஞாயிறு பின்னேரங்களில் பழைய நாடகங்களை மறுபடி ஒலிபரப்பத் தொடங்கினார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், நாடக நேரத்தில் ஒழுங்கையால் நடந்து போனால் ஒரு வசனமும் தவறாது. ஒரு வீட்டில் விட்டதை அடுத்த வீட்டில் கேட்கலாம். ஒரே நடிகர் கிழவனாகவும், தபால்காரனாகவும், கோபித்துக்கொண்டு போகும் பெரியம்மாவாகவும் கதைப்பார். கதவு கிரீச்சிடும். யாரோ படியில் ஏறுவார்கள். ஏறுகிற சத்தத்திலிருந்தே அவருடைய நிறை எவ்வளவு என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். அந்தக் குரல்கள் திரும்பி வருகின்றன என்று கேள்விப்பட்டதும் எனக்கு விருந்தாட்கள் வரப்போகிறார்கள் என்பதுபோல் இருந்தது. முற்றத்தைக் கூட்டித் தண்ணீர்கூடத் தெளித்தேன்.

எங்களைப் பிடித்துக்கொண்ட தொடர், நான் தவழ்ந்த நாட்களில் முதன்முதலாக ஒலிபரப்பானது. கதை இதுதான். இளைப்பாறிய ஒரு ஸ்டேசன் மாஸ்டர். வாயைத் திறந்தால் தன் ரயில் கதைகளை நிறுத்தமாட்டார். அவர் வீட்டில் அறை எடுத்துத் தங்க வரும் ஓர் இளம் அலுவலகக் கிளாக்கர், அந்தக் கதைகளிலிருந்து தப்புவதற்காகத் தனக்குக் காது கேட்காது என்று சொல்லிவிடுகிறான். ஸ்டேசன் மாஸ்டருக்கு ஒரு மகள். செவிடன்தானே என்று அவனுக்கு முன்னால் அவள் தன் மனதிலிருப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வாள். அவனைப் பிடித்திருக்கிறது என்பதையும் சொல்வாள். அவன் ஒன்றும் கேட்காதவன்போல் தேத்தண்ணி குடிப்பான். உண்மை தெரிந்தால் அவள் மன்னிப்பாளா? வாரக்கணக்காக எங்கள் ஒழுங்கையில் இதுதான் கதை.

பெடல் சுற்றுவதில்தான் சிக்கல். முதல் வாரம் என் கணவர் சுற்றினார். பகிடி வரும்போது அவருக்குச் சிரிப்பு வரும், கை தளரும், பகிடியின் கடைசிச் சொல் யாருக்கும் கேட்காது. இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டு மாமி வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்து சேலையைச் செருகிக்கொண்டு பெடலுக்கு முன்னால் இருந்தார். அவர் பகிடி வருவதற்கு முதலே சிரிக்கத் தொடங்கிவிடுவார். மூலை வீட்டு ஐயாவுக்கு இழுப்பு. அவருக்குச் சுற்ற முடியாது, கட்டளையிட மட்டும் முடியும்.

"நாலு பகிடி போச்சுது, ஒண்டுக்கும் வால் இல்லை. சிரிக்காத ஆள் ஒருத்தரும் இந்த ஒழுங்கையிலை இல்லையோ?" என்று ஐயா கத்தினார்.

மாமி என்னைப் பார்த்தார். "இந்தப் பிள்ளையிட்டைக் குடுங்கோ. உவளுக்குச் சிரிப்பு வராது."

உண்மைதான். என் மகள் குறைமாதத்தில், ஒரு மாதம் முந்திப் பிறந்தவள். அவள் மூச்சை எண்ணி எண்ணியே எனக்கு நாள் போனது. பால் குடித்தால் கூடக் குடித்துவிட்டாளோ என்று பயம், குடிக்காவிட்டால் இன்னொரு பயம். தூரத்தில் குண்டு போடும் விமானம் இரைந்தால் ஒழுங்கையில் முதலில் கேட்பது எனக்குத்தான். அப்படிப்பட்டவள் நாடகத்துக்கு எப்படிச் சிரிப்பது? பலகையில் இருந்தபடி வலது கையால் பெடலைச் சுற்றினேன். இடது கை மகள் படுத்திருந்த ஏணையின் கயிற்றை ஆட்டியது. பகிடிகள் வாலோடு வந்தன. முற்றம் முழுக்கச் சிரித்தது. நான் பெடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அந்தப் பின்னேரங்களில் நான் சந்தோசமாக இருந்தேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் சிரிக்கிற சத்தம் என் கையிலிருந்து போகிறது என்ற நினைப்பு எனக்குப் பெருமையாக இருந்தது. இப்படிப் பெருமைப்படலாமோ என்றும் இருந்தது.

ஒருகாலத்தில் குடாநாட்டுக்கே மின்சாரம் கொடுத்தது சுன்னாகம்தான். அதனால் ஐயா எனக்குச் "சுன்னாகம்" என்று பெயர் வைத்தார்.

"என்ன சுன்னாகம், இண்டைக்குக் கரண்ட் இருக்குதோ?"

"ஓம் ஐயா, பிள்ளை நித்திரை எண்டால் இருக்கும்."

"அப்ப பிள்ளைதான் பெரிய எஞ்சினியர்."

மாமியின் மகளைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். என்னைவிட மூன்று வயது இளையவள், என்னை அக்கா என்பாள். அவளுக்குக் கனடாவில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். அவனை அவள் கண்டதில்லை. படம் வந்தது, பிறகு கடிதங்கள் வந்தன. நல்ல கடிதங்கள். அவற்றைப் பார்த்து அவள் பயந்துபோனாள். "அக்கா, எனக்கு உப்பிடி எழுத வராது. நீங்கள் படிச்சனீங்கள், ஒண்டு எழுதித் தாங்கோ" என்று வந்து நின்றாள். நான் எழுதிக் கொடுத்தேன். அவள் அதைத் தன் கையெழுத்தில் பார்த்து எழுதி அனுப்பினாள். ஒன்றோடு முடியும் என்றுதான் நினைத்தேன். பதினொரு கடிதம் ஆகிவிட்டது.

அவளுடைய கனடாப் பயணமும் நாடகத்தின் கடைசி வாரமும் ஒன்றாக வந்தன. ஞாயிறு பின்னேரம் நாடகம் முடிகிறது, திங்கள் விடிய அவள் கிளாலிக்குப் போய், குடாநாட்டை விட்டு வெளியேறப் படகு ஏற வேண்டும். சனிக்கிழமை கிணற்றடியில் பிள்ளையின் துணி அலசிக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் குந்தினாள்.

"அக்கா, அவள் அவனை மன்னிப்பாளோ?"

"நாடகம் தானே, மன்னிப்பாள்."

"மன்னிக்காட்டில்?" துணியின் மற்ற நுனியைப் பிடித்துப் பிழிந்தாள். "கடிதம் எழுதினது நானில்லை எண்டு அவருக்கு ஒருநாள் தெரியவரும். நான் முதலே சொல்லுறதோ விடுறதோ எண்டு தெரியேல்லை. இவள் மன்னிச்சால் நானும் சொல்லிப்போடுவன்."

"அடி விசரி, நாடகத்தைப் பாத்தோ கலியாணம் முடிவெடுக்கிறது?"

"வேறை ஆரிட்டைக் கேக்க? அம்மாவிட்டைக் கேக்கேலுமோ?"

அவள் சிரித்தாள். நான் பிழிந்த துணியையே மறுபடி தண்ணீருக்குள் போட்டேன். அந்தப் பதினொரு கடிதமும் என்னுடையவை அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை மாமி பயணத்துக்குச் செய்த பயித்தம் பணியாரத்தில் ஒரு சுளகு கொண்டுவந்து வைத்தார். முற்றத்தில் இருக்க இடமில்லை. மாமியின் மகள் வானொலிக்கு மிகக் கிட்ட, முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். நான் காலையிலேயே சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, டைனமோவை இரண்டு தரம் பார்த்திருந்தேன். என் மகள் ஏணையில் நித்திரை. வானத்திலும் சத்தமில்லை.

நாடகம் ஓடியது. கிளாக்கரின் முதுகுக்குப் பின்னால் ஸ்டேசன் மாஸ்டர் படியில் சறுக்கி விழுந்தார். கிளாக்கர் மறைக்க முடியாமல் "பாத்து ஐயா!" என்று கத்தி, திரும்பிப் பார்க்காமலே சத்தம் கேட்டவனாகப் பிடிபட்டுப்போனான். ஸ்டேசன் மாஸ்டரின் மகளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். தனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும் என்றான். எங்கள் முற்றத்தில் பெடலின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வானொலியில் அவள் கேட்டாள்: உங்களைப் பிடிக்கும் என்று, ஆணியில் தொங்கிய அப்பாவின் கோட்டைப் பார்த்துச் சொன்னேனே, அதையும் கேட்டீர்களா?

அவன் பழக்கதோசத்தில் காதில் கையை வைத்திருக்க வேண்டும். "ஆ?" என்றான்.

அவ்வளவுதான். எனக்குள் ஏதோ அறுந்தது. முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது, பிறகு வயிற்றிலிருந்து. நான் பலகையிலிருந்து சரிந்து மண்ணில் இருந்துவிட்டேன். பெடல் தானாக இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. வானொலியில் அவள் சொன்ன மறுமொழி கம்மி, கரகரத்து, இல்லாமல் போனது.

"சுத்துங்கோ! சுத்துங்கோ!" என்று எல்லோரும் கத்தினார்கள். நான் கையை நீட்டினேன், கை வேலை செய்யவில்லை. மாமியின் மகள் பாய்ந்து வந்து பெடலைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிய வேகத்தில் சங்கிலி கழன்று விழுந்தது. என் கணவர் சங்கிலியோடு மல்லுக்கட்டினார். "ஐயோ, சுன்னாகத்துக்குக் குண்டு விழுந்திட்டுது!" என்று ஐயா தலையில் கை வைத்தார். சங்கிலி கொளுவி மறுபடி சுற்றியபோது வானொலியில் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது.

ஐயா சொன்னார்: "சரி, முடிஞ்சுது. ஆள் செத்துப்போச்சுது."

அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. மாமி என் தோளில் சாய்ந்து சிரித்தார். என் குழந்தை விழித்து எல்லோரையும் பார்த்தாள், அழவில்லை. நாளைக்குப் பயணம் போகிறவளும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிந்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு விளங்கியது.

வேலிப் பொட்டடியில் அவள் என் கையைப் பிடித்தாள். "அக்கா, அழாதேங்கோ. முடிவை ஆரிட்டையெண்டாலும் கேட்டு எழுதுங்கோ. கலியாணத்துக்கு முதல் வரவேணும். நான் பாத்துக்கொண்டிருப்பன்."

எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

தேடினேன். தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன். மாமியின் உறவினர் ஒருவர் கொழும்புத்துறையிலிருந்து வந்தபோது அவரையும் விடவில்லை. அவர்கள் வீட்டில் அன்று சைக்கிளுக்குக் காற்றில்லையாம். முதல் ஒலிபரப்பைக் கேட்டவர் மூலை வீட்டு ஐயா ஒருவர்தான். அவரிடம் மூன்று தரம் கேட்டேன், மூன்று முடிவு சொன்னார். முதல் தரம் மன்னித்தாள். இரண்டாம் தரம் கிளாக்கருக்கு உண்மையிலேயே காது அடைத்துப்போனது. மூன்றாம் தரம் கொஞ்சம் யோசித்து, "இல்லைப் பிள்ளை, அவள் மன்னிக்கேல்லை. அவன்ரை பெட்டியைக் கொண்டுபோய் வாசலிலை வைச்சவள். இப்பதான் நல்லா ஞாபகம் வருது" என்றார்.

இதற்கிடையில், கனடாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்த மாமியின் மகளிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. கலியாணத்துக்கு நான்கு மாதம்தான். முடிவு கிடைத்ததா?

நான் ஒரு முடிவை எழுதினேன். துணி அலசும்போது யோசித்தது. ஸ்டேசன் மாஸ்டரின் மகள், "இனிமேல் நான் கதைக்கேக்கை நீங்கள் கேக்காத மாதிரி இருந்தால்தான் எனக்குக் கோவம் வரும்" என்று சொல்வதாக எழுதினேன். ஸ்டேசன் மாஸ்டர் பெட்டகத்திலிருந்து தன் பழைய பச்சைக் கொடியை எடுத்து அசைப்பதாகவும் எழுதினேன். யாரிடம் கேட்டேன் என்று எழுதவில்லை. பெட்டி வாசலில் வைக்கப்பட்டதைப் பற்றியும் எழுதவில்லை. தபாலில் போட்ட பிறகு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதில் வர ஐந்து மாதம் எடுத்தது. அதை மாமிக்கு வாசித்துக் காட்ட முடியாது என்பதால் குசினிக்குள் தனியே நின்று வாசித்தேன். அவள் எழுதியிருந்தாள்: "அக்கா, உங்கடை கடிதம் வந்த அண்டைக்கே அவருக்கு ரெலிபோனிலை சொல்லிப்போட்டன். கோவிப்பார் எண்டு பாத்தால் மனுசன் சிரிக்குது. தன்ரை கடிதம் எல்லாம் தன்னோடை அறையிலை இருந்த பெடியன் எழுதினதாம்!"

எனக்கும் அந்தப் பெடியனுக்கும்தான் கலியாணப் பொருத்தம் பார்த்திருக்கிறார்கள் என்று என் கணவர் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். போன மாதம் இன்னொரு கடிதம் வந்தது. அவர்கள் இருவரும் அங்கே காணும் எல்லோருக்கும் அந்த நாடகத்தின் கதையைச் சொல்கிறார்களாம், என் முடிவோடு. சித்திரைக் கலைவிழாவில் கடைசிக் காட்சியை மேடையேற்றப் போகிறார்களாம். அவள் மகளாக நடிக்கிறாள், அவர் கிளாக்கராக. வசனம் முழுவதையும் கேட்டு எழுதி அனுப்பச் சொல்கிறாள். நாடகத்தை எழுதியவருக்கு மேடையில் நன்றி சொல்வார்களாம்.

இரண்டு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் காட்சி முழுவதும் இருக்கிறது. நன்றாகவே வந்திருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. மற்றதில் உண்மை இருக்கிறது: அந்த முடிவு என்னுடையது, உண்மையான முடிவு எனக்குத் தெரியாது, நாடகத்து மகள் கிளாக்கரின் பெட்டியை வாசலில் வைத்தவளாகவும் இருக்கலாம். இதை அனுப்பினால் தன் கலியாணமே பொய்யில் நிற்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாளோ? அனுப்பாவிட்டால், இன்னொருவருடைய நாடகத்துக்கு நான் முடிவு கட்டி, அவருக்கே நன்றி சொல்ல வைக்கிறேன். கணவரைக் கேட்டால் இரண்டையும் ஒரே உறைக்குள் வைத்து அனுப்பச் சொல்கிறார். பகிடிக்குச் சொன்னாரோ, உண்மையாகச் சொன்னாரோ தெரியவில்லை.

விழாவுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. கடிதம் போய்ச்சேரவே இரண்டு மாதம் வேண்டும். இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களில் பெண்பிள்ளையைத் தூரதேசத்துக்கு அனுப்பியவர்கள் இருப்பீர்கள், இப்படி ஒரு பொய்யை நன்மைக்கென்று சொன்னவர்களும் இருப்பீர்கள். எந்தக் கடிதத்தை அனுப்பட்டும்? தயவுசெய்து எழுதுங்கள். நாடகத்தின் முடிவு தெரிந்தவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள். ஆனால் நாடகத்தில் அவள் மன்னிக்கவில்லை என்றால், அதை நான் கனடாவில் இருப்பவளுக்குச் சொல்லத்தான் வேண்டுமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.