மஞ்சள் துணிமேல் தேய்த்த படம்

மரத்தில் கையை ஊன்றி வெகுநேரம் நின்றால் அதன் பட்டை நம் தோலில் பதிந்துவிடும். கிளியனூர் பஸ் ஸ்டாப்பில் புளியமரத்தில் சாய்ந்து நின்ற ஒரு மத்தியானம்தான் அதைக் கவனித்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் முழங்கைக்குக் கீழே வரப்பும் வாய்க்காலுமாய்ச் சிவந்து கிடந்தது. திண்டிவனம் வருவதற்குள் மறைந்துபோனது. இதை வைத்துக்கொள்ள ஒரு வழி இல்லையா என்று மனசு அடித்துக்கொண்டது.

வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகள் ஓசூரில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். மற்ற நாளில் வீட்டில் என் குரலை நான் கேட்பது சாமி கும்பிடும்போது மட்டும்தான். நான் எட்டாவது வரை படித்தவள், படம் வரையத் தெரியாது. ஆனாலும் மறுநாள் பழைய காலண்டர் தாளைத் திருப்பி, கொல்லையிலிருந்த முருங்கைமேல் வைத்து, மெழுகுக் கலரைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். மரம் தானாகத் தாளில் எழுந்து வந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அன்றிலிருந்து அதுவே வேலையாகிப் போனது. பனைமரத்தின் வளையங்கள், செஞ்சி வழியில் இருக்கும் பாறை, ஏரி காய்ந்தால் வெடிக்கும் களிமண். எதையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் தேய்ப்பேன். பகவான் செய்து வைத்திருக்கிறான், நான் தாளை வைக்கிறேன், அவ்வளவுதான். படங்களைச் சுவரில் ஒட்டினேன். பார்க்க ஆள் இல்லை. தாலி இழந்தவள் வீட்டுக்குச் சுமங்கலிகள் சும்மா வந்து போகமாட்டார்கள். முன்பெல்லாம் தினம் வந்து உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு அக்காகூட கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள்.

ஆடி மாதம் எங்கள் தெருமுனை வேப்பமரத்துக்கு மஞ்சள் துணி சுற்றி அம்மனாகக் கும்பிடுவோம். ஒருநாள் உச்சி வெயிலில், யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். ஆத்தா கட்டியிருக்கும் துணியை விலக்க நமக்கு என்ன உரிமை? துணிமேலேயே தாளை வைத்துத் தேய்த்தேன். தாளுக்கு அடியில் முண்டு முண்டாகத் தட்டுப்பட்டது. கணு என்று நினைத்தேன். தாளை எடுத்துப் பார்த்தால் இரண்டு கண்கள்! நெய்த நூலின் கட்டங்களுக்கு நடுவே, ரெப்பையும் விழியுமாக.

தெருவிலேயே முழங்கால் போட்டுவிட்டேன். அந்த வழியாக வந்த பூக்காரம்மா எட்டிப் பார்த்துக் கூடையை இறக்கினாள். "யம்மா! ஆத்தா கண்ணைத் தொறந்துக்கினு பாக்குறாடி!"

சாயங்காலத்துக்குள் என் வீடு நிறைந்துவிட்டது. எதிரில் வந்தால் ஒதுங்கிப் போனவர்கள் கற்பூரத்தோடு வந்தார்கள். பாய் விரித்தேன். காபி கலந்தேன். ஒருத்தி, "சக்கரை இன்னும் கொஞ்சம் போடுக்கா" என்று உரிமையாய்க் கேட்டாள். எவ்வளவு நாளாயிற்று அப்படி ஒருத்தர் கேட்டு! எதிர்வீட்டு அக்காவும் தினம் வந்தாள். தாளோடு முகத்தை ஒட்டிவைத்துப் பார்ப்பாள்.

ஆடிக் கடைசி வெள்ளியன்று துணி மாற்றினார்கள். என்னையும் முன்னால் நிற்க வைத்தார்கள். பூசாரி பழைய துணியைப் பிரித்தார். பட்டையில் மஞ்சள் விழுதில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு ஜோடி கண்மலர். கண் நோவு தீர வேண்டிக்கொண்டு சாத்துவோமே, அந்த வெள்ளித் தகடு. அவர் அதை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. வாயை மூடிக்கொண்டால் என் வீட்டுப் பாய் விரித்தபடி இருக்கும். ஆனால் ஆத்தா முன்னால் நின்றுகொண்டு எப்படி மூடிக்கொள்வது?

"என் படத்துல இருக்குற கண்ணு இதுதாங்க," என்றேன். "துணிக்கு அடியில இருந்தது தெரியாம தேச்சிட்டேன்."

"அப்ப இத்தினி நாளு தகட்டுக்கா கற்பூரம் காட்டினோம்?" என்று ஒருத்தி சிரித்தாள்.

"கன்னத்துல போட்டுக்கடி," என்று இன்னொருத்தி அதட்டினாள்.

"யாரும்மா சாத்தினது?" என்று பூசாரி கேட்டார். யாரும் முன்வராததால் தட்டை ஓரமாக வைத்துவிட்டுப் புதுத் துணியைச் சுற்றினார்.

என்னை யாரும் திட்டவில்லை. வருவதுதான் நின்றது. இறக்கி வைத்த டிக்காஷன் இரண்டு நாள் அப்படியே இருந்து புளித்தது. பாயைச் சுருட்டி வைத்தேன்.

பிறகு ஒரு மத்தியானம் எதிர்வீட்டு அக்கா கொல்லைப்புறமாக வந்தாள். சுவரைத் தடவிக்கொண்டேதான் வந்தாள்.

"நான்தாண்டி யாருக்கும் தெரியாம துணிக்கு அடியில சாத்தினது. ரெண்டு கண்ணும் மங்கிக்கினே போவுது. மருமவளுக்குத் தெரிஞ்சா அடுப்பாண்ட உடமாட்டா. அப்புறம் நான் இன்னாத்துக்கு அந்த ஊட்ல?"

"டாக்டருகிட்ட காட்னியாக்கா?"

"எங்க போறது? பஸ்ஸு போர்டு தெரியமாட்டுது. நீ கூட வர்றியா?"

மறுநாளே முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கோயிலுக்குப் போவதாக மருமகளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். புரை விழுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்றார்கள். சொட்டு மருந்து விட்டு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கண்ணை மூடியபடியே என் பக்கம் திரும்பினாள்.

"உங்க ஊட்டு செவுத்துல ஒட்டிவெச்சிக்கிறியே, அதுல ஒன்னு எனக்குக் குடு. கண்ணு இல்லாததா பாத்து."

"தெரியவா போவுது உனக்கு?"

"இப்ப தெரியாது. ஆபரேசன் முடிஞ்சப்புறம் பாக்குறேன். மருமவ ஒட்ட உடமாட்டா, தலமாட்டுல சுருட்டி வெச்சிக்கிறேன்."

தெருமுனையில் இறங்கியதும் கையை விட்டுவிட்டுத் தனியாகவே நடந்து போய்விட்டாள். எந்தப் பக்கமும் திரும்பவில்லை. நான் வீட்டைத் திறந்து விளக்கேற்றினேன். எதைக் கொடுப்பது என்று ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். பாறை அழகுதான், ஆனால் ரொம்பக் கறுப்பு. ஏரி மண்ணைப் பார்த்தால் அவளுக்குத் துக்கமாக இருக்குமோ? யாரிடமாவது கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. கடைசியில் பனைமரத்தைப் பிரித்தெடுத்தேன். பிசின் காய்ந்து ஒரு மூலை கிழிந்துவிட்டது. அவள் பார்க்கும்போது நன்றாக இருக்கட்டும் என்று, புதிதாக ஒன்று தேய்த்துத் தருவதற்குத் தாளை எடுத்து வைத்தேன்.